வளையத்தைக் கழற்றாமல் என்ன ஆயுத பூஜை?

ஆயுத பூஜை வந்துகொண்டிருக்கிறது. பழைய கார் வைத்திருக்கிற வீடுகளில் வண்டியைக் கழுவித் துடைத்து, பானட்டில் மாலை போட்டு, இரண்டு ஹெட்லைட்டுக்கும் சந்தனம் தடவிக் குங்குமம் வைப்பார்கள். நல்ல வழக்கம். அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் அந்தக் குங்குமத்தைச் சுற்றிப் பளபளவென்று ஒரு குரோம் வளையம் இருக்கிறதே, அதைக் கடைசியாகக் கழற்றிப் பார்த்தது எந்த வருஷம் என்று வீட்டுக்காரரைக் கேட்டுப் பாருங்கள். "கழற்றுவதா? எதற்கு சார்? நன்றாகத்தானே இருக்கிறது?" என்பார்.

அந்த "எதற்கு சார்" என்ற கேள்விக்குத்தான் இந்தப் பதில். கொஞ்சம் காரமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முப்பது வருஷத்துக்கு மேல் நூற்பாலையில் மெயின்டனன்ஸ் பிரிவில் இருந்தவன் நான். கவரைத் திறக்காமல் மெஷினை வெளியே மட்டும் துடைத்துவிட்டுப் போகிறவனை நாங்கள் வேலைக்காரன் என்று ஒப்புக்கொண்டதே இல்லை. பஞ்சும் தூசும் எண்ணெயும் சேருவது கவருக்கு உள்ளேதான். காருக்கும் அதே கதைதான். அந்த வளையம் ஒரு கவர். கழற்றுவதற்கென்றே செய்யப்பட்ட கவர். அதை நகையாக மட்டும் பார்க்கிறோம், வினை அங்கேதான் தொடங்குகிறது.

முதலில் அது என்ன என்று பார்ப்போம். நம் தலைமுறைக்குத் தெரிந்த மாரிஸ் மைனரை எடுத்துக்கொள்ளுங்கள். 1948-ல் இங்கிலாந்தில் வெளிவந்த கார். 1950களில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் அதையே 'பேபி இந்துஸ்தான்' என்ற பெயரில் இங்கே கொடுத்தது. அதன் அண்ணன் மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டுதான் லேண்ட்மாஸ்டராகவும், பிறகு அம்பாசடராகவும் மாறி, 2014 வரை உத்தர்பாரா தொழிற்சாலையிலிருந்து வந்துகொண்டிருந்தது. இந்தக் குடும்பத்து வண்டிகளுக்கெல்லாம் 7 அங்குல வட்ட விளக்கு. முன்பக்க மட்கார்டில் ஒரு பெரிய துளை. அதில் ஒரு கிண்ணம். கிண்ணத்துக்குள் கண்ணாடியும் ரிஃப்ளெக்டரும் சேர்ந்த விளக்கு. அதைச் சுற்றித் தூசும் தண்ணீரும் போகாமல் ஒரு ரப்பர். இவை எல்லாவற்றையும் மூடிக்கொண்டு மேலே நம் குரோம் வளையம்.

மழையில் ஓடும்போது முன்சக்கரம் சேற்றை எங்கே அடிக்கிறது? நேராக மட்கார்டின் உள்கூரைக்கும் அந்தக் கிண்ணத்தின் முதுகுக்கும்தான். கிண்ணத்துக்கும் தகட்டுக்கும் நடுவே உள்ள ரப்பர் காய்ந்து விரிந்துவிட்டால், சேறு அந்தச் சந்தில் உட்கார்ந்துகொள்ளும். வெயிலில் மேலே காயும், உள்ளே ஈரம் காயாது. சென்னை, கடலூர், நாகப்பட்டினம், தூத்துக்குடி மாதிரி கடலோர ஊர் என்றால் காற்றிலேயே உப்பு. தகடு உள்ளேயிருந்து வெளியே அரித்துக்கொண்டு வரும். வளையத்துக்குக் கீழே பெயின்ட் கொப்புளம் போல உப்பிக்கொண்டு தெரிகிற அன்று விஷயம் முடிந்துவிட்டது என்று பொருள். அதற்கப்புறம் டிங்கர்தான், வெட்டித் தகடு வைத்து, பட்டி பார்த்து, பெயின்ட் அடித்து... அந்தச் செலவை அனுபவித்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இவ்வளவும் நடக்கும்போது வளையம் மட்டும் ஜொலித்துக்கொண்டே இருக்கும். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பாலிஷ் போட்டிருப்பார் அல்லவா!

அந்தப் பாலிஷ் பற்றியும் ஒரு வார்த்தை. குரோம் முலாம் என்று நாம் சொல்வதில் உண்மையான குரோமியம் ஒரு மைக்ரான்கூட இருக்காது. பளபளப்பின் பெரும்பகுதி அதற்கு அடியில் இருக்கும் நிக்கலுடையது. ரப்பிங் காம்பவுண்டைப் போட்டு வாராவாரம் தேய்த்தால், மேலே இருக்கிற நீலங்கலந்த வெண்மை போய், நிக்கலின் மஞ்சள் சாயல் தெரிய ஆரம்பிக்கும். இன்னும் சிலர் குத்துவிளக்குக்குப் போடுகிற மாதிரி புளியைப் போட்டுத் தேய்க்கிறார்கள். புளி பித்தளைக்கு. குரோமுக்குச் சோப்புத் தண்ணீரும் மெல்லிய துணியும் போதும். தேய்ப்பதில் காட்டுகிற சிரத்தையில் பத்தில் ஒரு பங்கைக் கழற்றுவதில் காட்டினால் வண்டி பிழைக்கும்.

சரி, எதிர்த்தரப்பு என்ன சொல்கிறது? மூன்று கட்சி இருக்கிறது.

முதல் கட்சி, 'தொடாதே' கட்சி. "ஐம்பது வருஷத்து வண்டி சார், அதெல்லாம் ஃபேக்டரி ஃபிட்டிங், கையை வைத்தால் உடைந்துவிடும், ஸ்பேர் கிடைக்காது." கேட்பதற்குப் பக்தி மாதிரி இருக்கிறது. இவர்களிடம் நான் கேட்பது ஒன்றே ஒன்று. ஃபேக்டரிக்காரன் அதை நிரந்தரமாக ஒட்டிவிட நினைத்திருந்தால், வளையத்தின் அடியில் ஒரு திருகை எதற்கு வைத்தான்? பல்பு மாற்ற வேண்டுமென்றாலே வளையத்தைக் கழற்றியாக வேண்டும். அன்றைக்குப் பல்பு அடிக்கடி போகும். ராத்திரி நடுவழியில், தீப்பெட்டி வெளிச்சத்தில், டிரைவர் தானே கழற்றி மாட்ட வேண்டும் என்றுதான் அதை அப்படி அமைத்தார்கள். இருபது வருஷம் தொடாமல் வைத்திருந்ததால்தான் அந்தத் திருகு இறுகிப்போனது. "இறுகியிருக்கிறது, அதனால் தொடமாட்டேன்" என்று இப்போது சொல்வது, நடக்காமலே இருந்துவிட்டு "முழங்கால் பிடித்துக்கொண்டது, அதனால் நடக்கமாட்டேன்" என்பதைப் போல. நம் வயதுக்காரர்களுக்கு டாக்டர் இதற்கு என்ன பதில் சொல்வார் என்று தெரியும்.

இரண்டாவது கட்சி, 'நெம்பு' கட்சி. இவர்கள் தொடுவார்கள். தொட்டால் எதுவும் மிஞ்சாது. நண்பர் ஒருவரின் மாரிஸ் மைனர் ஒரு ஒர்க்ஷாப்புக்குப் போயிருந்தது. எந்த ஒர்க்ஷாப் என்பது இங்கே வேண்டாம். நானும் கூடப் போயிருந்தேன். பையன் ஒருவன் பெரிய திருப்புளியை எடுத்து வந்தான். வளையத்தின் மேல்பக்கத்தில் குத்தி, மட்கார்டின் மேல் முட்டுக்கொடுத்து ஒரு நெம்பு நெம்பினான். வளையம் வந்தது, ஆனால் முட்டை வடிவத்தில் வந்தது. மட்கார்டில் ஒரு குழி, பெயின்டில் ஒரு கீறல். "பழசு சார், அப்படித்தான் வரும்" என்று சமாதானம் வேறு. பிறகு ஒரு புது வளையத்தைக் கொண்டுவந்து மாட்டி, பில்லில் சேர்த்தார்கள். பழையதை அவர்களே வைத்துக்கொள்ளப் பார்த்தார்கள். நண்பர் கேட்டு வாங்கிக்கொண்டார்.

கேட்டு வாங்கியது எவ்வளவு நல்லது என்று சொல்கிறேன். அந்தக் காலத்து லூகாஸ் வளையங்களில் நிறைய, பித்தளையில் செய்து முலாம் போட்டவை. இப்போது கடையில் கிடைக்கிற பல வளையங்கள் இரும்புத் தகடு. ஒரு சின்னக் காந்தத்தை வைத்துப் பாருங்கள். சட்டென்று பிடித்து இழுத்தால் இரும்பு. பிடிக்காமல் நழுவினால் பெரும்பாலும் பித்தளை. பித்தளை வளையம் நெளிந்தாலும், மரக்கட்டையில் வைத்துத் தட்டி வட்டத்துக்குக் கொண்டுவரத் தெரிந்த கைகள் இன்னும் இருக்கின்றன. முலாம் போனால் மறுபடி போடலாம். மலிவான இரும்பு வளையமோ, இரண்டு மழைக்காலத்தில் ஓரத்தில் துருப்பிடித்து அந்தத் துருவை மட்கார்டுக்கும் தானம் செய்யும். பளபளப்பு ஒன்றை மட்டும் பார்த்துப் பழசைக் கொடுத்துப் புதுசை வாங்குகிறவர்கள் தங்கத்தைக் கொடுத்துக் கவரிங் வாங்குகிறார்கள்.

ஆகவே தொடுங்கள், ஆனால் நெம்பாதீர்கள். முறை ஒன்றும் பெரிய வித்தை அல்ல. வண்டிக்கு வண்டி, மாடலுக்கு மாடல் சின்ன வித்தியாசம் உண்டு. பொதுவாக வளையம் மேலே ஒரு கொக்கியில் தொங்கும், கீழே ஒரு திருகோ ஸ்பிரிங் கிளிப்போ பிடித்திருக்கும். அதனால் எப்போதும் கீழேயிருந்துதான் தொடங்க வேண்டும். மேலே கை வைக்கவே கூடாது.

முதல் நாள் சாயங்காலம் அந்தத் திருகுக்கு இரண்டு சொட்டுத் துரு இளக்கி எண்ணெய் விடுங்கள். மண்ணெண்ணெய் இருந்த காலத்தில் அதைத்தான் விட்டோம். ராத்திரி முழுக்க ஊறட்டும். காலையில் பேட்டரி வயரைக் கழற்றிவிட்டு உட்காருங்கள். வளையத்தைச் சுற்றி மட்கார்டில் பேப்பர் டேப்பை இரண்டு சுற்று ஒட்டுங்கள், பெயின்ட் தப்பிக்கும். திருகின் பள்ளத்துக்குச் சரியாகப் பொருந்துகிற திருப்புளியாக எடுங்கள். சின்னது போட்டால் பள்ளம் தேய்ந்துவிடும், அப்புறம் அது கழறவே கழறாது. திருகு இருந்தால் அதை எடுத்துவிட்டு, வளையத்தின் அடிப்பாகத்தை மெதுவாக முன்னால் இழுத்து, அப்படியே மேலே தூக்கினால் கொக்கியிலிருந்து விடுபடும். கிளிப் என்றால், தட்டையான திருப்புளியின் நுனியில் துணியைச் சுற்றி அடியில் நுழைத்து, நெம்பாமல், சாவியைத் திருகுகிற மாதிரி திருப்புங்கள். 'டக்' என்று விடும். இன்னொரு கை வளையத்தின் மேல் இருக்கட்டும், இல்லாவிட்டால் தரையில் விழுந்து உருளும்.

வளையம் கையில் வந்ததும் உள்பக்கத்தைப் பாருங்கள். வெளிப்பக்கத்தை எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். மண்ணையும் பழைய சந்தனத்தையும் பழைய பிரஷ்ஷால் கழுவுங்கள். நன்றாக உலர்ந்ததும் உள்விளிம்பில் மெலிதாகக் கிரீஸ் தடவுங்கள். ரப்பர் வெடித்திருந்தால் மாற்றுங்கள், அது வளையத்தைவிட முக்கியம். மட்கார்டுக்கு அடியிலிருந்து கையை விட்டுக் கிண்ணத்தின் முதுகில் இருக்கிற சேற்றைச் சுரண்டி எடுத்துத் தண்ணீர் பீய்ச்சுங்கள். பல்பின் எர்த் வயர் முனையைத் தேய்த்துச் சுத்தம் செய்து இறுக்குங்கள். பழைய விளக்கு மங்கலாக எரிந்தால் உடனே பல்பைக் குறை சொல்கிறோம். 12 வோல்ட் பல்புக்கு ஒரு வோல்ட் குறைந்தாலே வெளிச்சத்தில் ஏறக்குறைய கால் பங்கு போய்விடும். அந்த ஒரு வோல்ட்டைத் தின்பது பல சமயம் துருப்பிடித்த எர்த்துதான்.

இனி நான் இவ்வளவு கத்துவதற்கு உண்மையான காரணத்துக்கு வருகிறேன். தகடு போனால் பணம் போகும், அவ்வளவுதான். இது உயிர் சம்பந்தப்பட்டது.

வளையத்தை எடுத்ததும் விளக்கைச் சுற்றி மூன்று திருகுகள் கண்ணில் படும். பழைய லூகாஸ் விளக்கில் அவை விளக்கைப் பிடிக்கிற திருகுகள் மட்டும் அல்ல, வெளிச்சம் எங்கே விழ வேண்டும் என்று தீர்மானிக்கிற திருகுகள். ஒவ்வொன்றின் பின்னாலும் ஒரு ஸ்பிரிங் உண்டு. மேலே இருப்பது வெளிச்சத்தை ஏற்றி இறக்கும், பக்கத்தில் இருப்பவை இடம் வலம் திருப்பும். பல்பு மாற்றுவதற்கு இவற்றைத் தொடவே தேவையில்லை. விளக்கை இரண்டு கையாலும் ஸ்பிரிங்குக்கு எதிராக உள்ளே அழுத்தி, இடப்பக்கமாகச் சற்றுத் திருப்பினால், சாவித்துளை வடிவத்தில் இருக்கும் ஓட்டைகளின் அகலமான பக்கம் வழியாகத் திருகின் தலைகள் வெளியே வந்துவிடும். விளக்கு அப்படியே கையோடு வரும். திரும்ப வைத்தால் வெளிச்சம் பழைய இடத்திலேயே விழும். பின்னால் வந்த சீல்டு பீம் விளக்குகளில் பிடிக்கிற திருகு வேறு, திருப்புகிற திருகு வேறு. எது எது என்று பார்த்துக்கொண்டு கை வைக்க வேண்டும்.

நெம்பு கட்சிக்காரர் இதையெல்லாம் பார்ப்பதில்லை. கண்ணில் பட்ட மூன்று திருகையும் கழற்றி, வேலை முடிந்ததும் மூன்றையும் முடிந்தமட்டும் இறுக்கிவிடுவார். வண்டி வெளியே போகும்போது ஒரு விளக்கு வேப்பமரத்துக் கிளையைப் பார்க்கும், இன்னொன்று எதிரில் வருகிறவர் முகத்தைப் பார்க்கும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். விளக்கு ஒரே ஒரு டிகிரி மேலே திரும்பியிருந்தால், 50 மீட்டர் தூரத்தில் வெளிச்சம் கிட்டத்தட்ட 87 சென்டிமீட்டர் உயரத்தில் போய் விழும். சாலையில் விழ வேண்டிய வெளிச்சம் எதிரே மோட்டார் சைக்கிளில் வருகிறவர் கண்ணில் விழும். 60 கிலோமீட்டர் வேகத்தில் போகிற வண்டி அந்த 50 மீட்டரை மூன்று விநாடியில் கடந்துவிடும். கண் கூசிய வயதானவருக்குப் பார்வை திரும்ப அதைவிட அதிக நேரம் பிடிக்கும். புரை விழுந்த கண் என்றால் கேட்கவே வேண்டாம். நம்மில் எத்தனை பேர் ராத்திரி வண்டி ஓட்டுவதையே விட்டுவிட்டோம், எதற்காக விட்டோம்? எதிர்வெளிச்சத்துக்குப் பயந்துதானே! ஒரு காலத்தில் போலீஸ்காரர்கள் வண்டியை ஓரங்கட்டி, ஹெட்லைட்டின் நடுவில் கறுப்பு ஸ்டிக்கர் ஒட்டி அனுப்பியது நினைவிருக்கும். இந்தக் கூச்சலுக்கெல்லாம் காரணம் அந்தக் கூச்சம்தான்.

சரிபார்ப்பதும் சுலபம். சமதரையில், சுவரிலிருந்து 25 அடி தள்ளி வண்டியை நிறுத்துங்கள். விளக்கின் நடுப்பகுதி தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று அளந்து, அதே உயரத்தில் சுவரில் சாக்பீஸால் ஒரு கோடு போடுங்கள். டிம் வெளிச்சம் அந்தக் கோட்டுக்குக் கீழே இருக்க வேண்டும். இரண்டு விளக்கும் ஒரே மட்டத்தில் நேராக முன்னால் பார்க்க வேண்டும். ஒரு விளக்கைத் துணியால் மூடிக்கொண்டு மற்றதைச் சரிசெய்யுங்கள். அரை மணி நேர வேலை.

மூன்றாவது கட்சி இளைஞர்களுடையது. "அங்கிள், இதெல்லாம் ஓல்டு. ரிங்கை எடுத்துவிட்டுக் கறுப்பு ரிங் போடுங்கள், உள்ளே எல்.இ.டி. போடுங்கள், சும்மா தெறிக்கும்" என்கிறார்கள். தெறிக்கத்தான் செய்யும், எதிரில் வருகிறவர் கண்ணில். பழைய ரிஃப்ளெக்டர், பல்பின் இழை ஒரு குறிப்பிட்ட புள்ளியில் எரியும் என்ற கணக்கில் வளைக்கப்பட்டது. அந்தப் புள்ளியில் இல்லாத எதைப் போட்டாலும் வெளிச்சம் சிதறும். இன்னும் சிலர் மைனரின் 42/36 வாட் பல்புக்குப் போட்ட வயரிலேயே 100 வாட் ஹாலஜனை மாட்டிவிட்டு, காலால் மிதிக்கிற டிம்மர் ஸ்விட்ச் ஏன் உருகியது என்று கேட்கிறார்கள். அதிக வெளிச்சம் வேண்டும் என்ற ஆசை நியாயமானதுதான். அதற்கு ரிலே போட்டு, தகுந்த வயர் இழுத்து, பொருத்தமான விளக்கையே முழுதாக மாற்றுகிற வழி இருக்கிறது. அதைச் செய்கிறவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. வளையத்தைக் குப்பையில் போட்டுவிட்டு அதை 'மாடிஃபிகேஷன்' என்று சொல்கிறவர்களோடுதான் சண்டை.

கடைசியாக நம் வயதுக்காரர்கள் சொல்கிற சமாதானம் ஒன்று உண்டு. "நமக்கு எதற்கு சார், கை நடுங்குகிறது, மெக்கானிக் பார்த்துக்கொள்வான்." எந்த மெக்கானிக்? இந்த வண்டிகளில் கை பழகிய மேஸ்திரிகளில் பலர் போய்விட்டார்கள், இருப்பவர்களும் நம்மைப் போல ஓய்வில். இன்று தொழில் கற்கிற பையன் பார்ப்பதெல்லாம் பிளாஸ்டிக் ஹெட்லைட். கண்ணாடிக்குப் பதில் பாலிகார்பனேட், வெயிலில் மஞ்சளடித்தால் முழு செட்டையும் மாற்று என்பார்கள். சில வண்டிகளில் அந்த விளக்கை வெளியே எடுக்க பம்பரையே கழற்ற வேண்டியிருக்கிறது. அந்தப் பையனுக்கு மூன்று ஸ்பிரிங் திருகின் சங்கதி எப்படித் தெரியும்? அவனைக் குறை சொல்லிப் பயனில்லை. நாம் சொல்லிக்கொடுத்தோமா?

கை நடுங்கினால் ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்துகொள்ளுங்கள். பேரனையோ பேத்தியையோ கூப்பிட்டுத் திருப்புளியை அவர்கள் கையில் கொடுங்கள். "கீழேயிருந்து ஆரம்பி, அழுத்து, இடப்பக்கம் திருப்பு" என்று வாயால் சொல்லுங்கள். அவ்வளவு போதும்.

இந்த வருஷம் ஆயுத பூஜைக்கு ஒரு வாரம் முன்னால் இதைச் செய்துவிடுங்கள். அது முடிந்த கையோடு வடகிழக்குப் பருவமழை வந்துவிடும். தேதியைத் தேர்ந்தெடுத்த நம் பெரியவர்கள் காரை நினைத்துத் தேர்ந்தெடுக்கவில்லை, ஆனாலும் காருக்குப் பொருத்தமாக அமைந்துவிட்டது. உள்ளே துடைத்து, எர்த்தை இறுக்கி, சுவரில் வெளிச்சத்தைப் பார்த்து, வளையத்தை மேலே கொக்கியில் மாட்டிக் கீழே திருகை முடுக்குங்கள். இறுகப் பிடிக்க வேண்டாம், அடுத்த வருஷமும் கழற்ற வேண்டும். அதற்கப்புறம் சந்தனம் வையுங்கள். கண்ணாடியில் மட்டும் வையுங்கள், வளையத்தின் சந்தில் வழியவிடாதீர்கள். மறுநாள் வண்டியை எடுக்கும்போது அதையும் துடைத்துவிடுங்கள்.